கழுத்தில் பட்ட கை

தையல்காரிக்கு இரண்டு மாதமாகக் கழுத்து திரும்பவில்லை. யாராவது பக்கவாட்டில் கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவாள். "என்ன அண்ணி, பீரோவை நகர்த்துற மாதிரி திரும்புறீங்க?" என்று சிரித்த நாத்தனார்தான் மசாஜ் நிலையத்தில் நேரம் வாங்கி, கையோடு கூட்டியும் வந்தாள்.

மாடியில் சின்ன அறை. உயரமான கட்டில், அதன் தலைமாட்டில் முகம் பதிக்க ஓர் ஓட்டை. நாத்தனார் வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். கதவைச் சாத்தியதுமே தையல்காரி தாழ்ப்பாள் எங்கே என்று பார்த்துக்கொண்டாள்.

மசாஜ் செய்பவள் வெந்நீரில் கை கழுவிக்கொண்டே பேசினாள்.

"முதல் தடவையா? எந்த உடுப்பு வசதியோ அதோட படுங்க. நான் வெளிய நின்னு, தட்டிட்டுத்தான் வருவேன். போர்வை மேலயே இருக்கும். வலிச்சா சொல்லுங்க. 'போதும்'னா போதும், கையை எடுத்துடுவேன். ஏன்னு கேக்க மாட்டேன். எங்கயாவது அடிபட்டிருக்கா? தொடக்கூடாத இடம் இருக்கா?"

"ஒண்ணும் இல்லீங்க."

பொய். கப்பல் வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் கணவன் அவளைச் சுவரோடு சாய்த்துக் கழுத்தை நெரித்திருந்தான். தடம் மறையும்வரை உயரமான காலர் வைத்த சட்டைகளைத் தானே தைத்துப் போட்டுக்கொண்டாள். புது மோஸ்தர் போலிருக்கிறது என்று வாடிக்கைக்காரிகள் அதையே கேட்டு வாங்கிப் போனார்கள்.

குப்புறப் படுத்தாள். ஓட்டை வழியே தரையும், மசாஜ் செய்பவளின் ரப்பர் செருப்புகளும் மட்டும் தெரிந்தன. முதுகில் சூடான எண்ணெய். இடுப்பு, விலா, தோள்பட்டை. பாதி பயம் இறங்கிய நேரத்தில் செருப்புகள் தலைமாட்டுக்கு வந்து நின்றன.

கழுத்தின் இரு பக்கமும் விரல்கள் படிந்தன.

போதும் என்று சொல்ல நினைத்தாள். நாக்கு எழவில்லை. தரை இருட்டிக்கொண்டு வந்தது. சுவரின் குளிர்ச்சி முதுகில் ஒட்டியது.

விரல்கள் சட்டென்று விலகின.

"கையை எடுத்துட்டேன். மூச்சு விடுங்க, அம்மா. மூச்சை நிறுத்திட்டீங்க. அதுவும் போதும்னு சொன்ன மாதிரிதான்."

எழுந்து உட்கார்ந்து போர்வையை மோவாய் வரை இழுத்துக்கொண்டாள்.

"கதவைத் திறக்கட்டுமா?"

தலையசைக்க முடியாமல் கையசைத்தாள். நாத்தனார் உள்ளே ஓடி வந்தாள்.

"என்னாச்சு அண்ணி?"

என்ன சொல்வது? இவள் அவன் கூடப் பிறந்தவள். இருக்கிற வீடும் அவனுடையது. சொன்னால் இவள் எந்தப் பக்கம் நிற்பாள்? தையல்காரியின் கை தானாகவே கழுத்துக்குப் போனது.

"உன் அண்ணன்தான்" என்றாள்.

நாத்தனாரின் முகம் வெளுத்தது. "எப்போ?"

"கிளம்புறதுக்கு முந்தின நாள்."

"அன்னைக்கு நான் பக்கத்து ரூம்ல டிவி பாத்துட்டு இருந்தேனே..."

மசாஜ் செய்பவள் மெல்லச் சொன்னாள்: "கழுத்தை இனிமே யாரும் பிடிச்சு விடக்கூடாது. முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. அவர்கிட்ட நடந்ததை மறைக்காதீங்க."

படியிறங்கும்போது தையல்காரி நாத்தனாரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை வர்றான். எனக்குப் பயமா இருக்குடி."

"எனக்கும்தான் அண்ணி. சின்ன வயசுலேர்ந்தே."

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைதான் இறுகிக் கிடக்கிறது என்றார்கள். வியாழக்கிழமைக்குள் தையல் மிஷினும் இரண்டு பெட்டிகளும் ஊரின் மறுகோடியில் ஒரு வாடகை அறைக்குப் போய்விட்டன.

வெள்ளிக்கிழமை மதியம் போன் அடித்தது. அவன்தான். தையல்காரியின் தோள்கள் காதுவரை ஏறின. நாத்தனார் போனை எடுத்தாள்.

"அண்ணி வர மாட்டாங்க. நானும் வர மாட்டேன். தேடாதே."

வைத்துவிட்டாள். போனைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டாள். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்த்தார்கள்.