சிவப்பு தெரியாதவன் எழுதியது

நிலவழகனுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க வராது. பிறவியிலேயே அப்படித்தான். ஆனால் அது தெரியவந்தது, ரயில் ஓட்டும் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறி, மருத்துவச் சோதனையில் போய் உட்கார்ந்த அன்றைக்கு. புள்ளி புள்ளியாக அச்சடித்த அட்டையைக் காட்டி, "என்ன நம்பர் தெரியுது?" என்று கேட்டார்கள். அவனுக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன.

வேலை போனது. அதைவிடப் பெரிதாக, வீட்டில் ஒரு வாய்ப்பூட்டு விழுந்தது. இந்தக் குறை தாய் வழியாக வருவது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்து ஊர். முந்திரித் தோப்பில் ஒருவர் தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அப்பா உயிரோடிருந்த வரைக்கும், "எல்லாம் ஒங்க ஆத்தா வழிச் சீரு" என்று குத்திக்கொண்டே இருந்தார். அம்மா அமுதவல்லி அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "இத யார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. நாளைக்கு ஒனக்குப் பொண்ணு பாக்கணும்."

அவனும் சொல்லவில்லை. சட்டை எடுக்கப் போனால், "நீயே ஒண்ணு எடுடா" என்று கூட வந்தவன் தலையில் கட்டுவான். மாம்பழத்தை அமுக்கிப் பார்த்து வாங்குவான். யாராவது எதையாவது காட்டி நிறம் கேட்டால், "கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்" என்பான். அவனுக்குக் கண்ணாடியே கிடையாது.

இன்ஜினீயரிங் முடித்துப் புதுக்கோட்டையில் ஷர்லி நடத்தும் சின்ன மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தான். மாடியில் ஒரு கூடம், ஏழெட்டுப் பேர். அவன் போட்ட ஒரு கணக்கு வரைபடத்தில் லாபமும் நஷ்டமும் ஒரே நிறத்தில் வந்திருந்ததைப் பார்த்த ஷர்லி, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டார். வீட்டுக்கு வெளியே அவன் முதன்முதலாக உண்மையைச் சொன்னது அவரிடம்தான். "சரி, நமக்குள்ள இருக்கட்டும்" என்றார் ஷர்லி. நல்ல மனசோடு சொன்னதுதான். இருந்தாலும் அதுவும் ஒரு வாய்ப்பூட்டு.

வேடிக்கை என்னவென்றால், நிறத்தைப் பற்றிய வேலை எது வந்தாலும் அதை வலியப்போய் எடுத்துக்கொண்டவன் அவன்தான். கம்ப்யூட்டருக்குள் நிறம் என்பது மூன்று எண்கள். தெருவில் அவனை ஏமாற்றிய நிறம் அங்கே ஏமாற்றவில்லை. ராத்தூக்கம் கெட்டுப் படித்தான் என்று சொல்ல மாட்டேன். பசித்தவன் சாப்பிடுகிற மாதிரி படித்தான்.

அப்போதுதான் அறந்தாங்கியிலிருந்து திருமுருகன் வந்தார். பெரிய ஜவுளிக்கடை. வளைகுடாவில் வேலை பார்க்கிற ஆம்பிளைகள் அங்கிருந்தே போனில் பார்த்து அம்மாவுக்கும் மனைவிக்கும் சேலை அனுப்பச் சொல்லுவார்கள். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் போன சேலைகள் திரும்பி வந்தன.

"போன்ல மாம்பழ மஞ்சளு, பொட்டியத் தொறந்தா காஞ்ச மஞ்சக்கெழங்கு மாதிரி இருக்குங்கிறாக. நான் என்னங்க செய்வேன்? அதே சேலையத்தான் அனுப்புறேன்."

நிலவழகன் கடைக்குப் போய்ப் பார்த்தான். கடையில் படமெடுக்கும் புதுப் போன் சாதாரணத் திரை காட்டக்கூடியதைவிட அகலமான நிற வரம்பில் படத்தைப் பதிவு செய்தது. எந்த வரம்பு என்பதைப் படத்தோடு ஒரு குறிப்பாகவும் எழுதி வைத்தது. கடையின் பழைய புரோகிராம் அந்தக் குறிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டது. அதனால் பளிச்சென்றிருக்க வேண்டிய சேலை வெளுத்துத் தெரிந்தது. அது போதாதென்று யாரோ மேலே கைவைத்து நிறத்தைக் கூட்டியிருந்தார்கள்; அதில் மஞ்சள் ஒரு பக்கம் ஓடியது, சிவப்பு ஒரு பக்கம் ஓடியது.

"அண்ணே, பூக்காரம்மா கையால ஒரு முழம் அளக்குது. நீங்க ஒங்க கையால அளக்குறீங்க. ரெண்டும் ஒரு முழந்தான். பூ ஒரே நீளமா இருக்குமா?"

"அதெப்படி இருக்கும்?"

"அதேதான். எண்ணு மட்டும் இருந்தாப் போதாது. யாரு கை முழம்னு தெரியணும்."

துணிக்கடைக்காரருக்கு அது பிடித்துப் போயிற்று. வேலையைக் கொடுத்தார்.

மழைக்காலம் முழுக்க நிலவழகன் அதிலேயே கிடந்தான். படத்தின் எண்களை முதலில் ஒளியின் உண்மையான அளவுக்குக் கொண்டுவந்தான். அதை மனிதக் கண்ணை வைத்து வகுத்த பொது அளவுக்கு மாற்றி, அங்கிருந்து சாதாரணத் திரையின் அளவுக்கு இறக்கினான். திரைக்குள் அடங்காத நிறங்களை வெட்டி எறியாமல், அவற்றின் சாயல் கெடாமல் உள்ளே கொண்டுவரப் பாடுபட்டான். கடை டியூப்லைட்டின் சாயத்தைக் கழிக்க, ஒவ்வொரு சேலைக்குப் பக்கத்திலும் ஒரு சாம்பல் நிற அட்டையை வைக்கச் சொன்னான். கடைசியாக, யாரும் கேட்காத ஒன்றையும் சேர்த்தான். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் நிறத்தின் பேரை எழுத்தில் வரவைத்தான்: அரக்கு, பாசிப்பச்சை, மயில் கழுத்து.

வேலை முடிந்து ஷர்லியோடு காட்டப்போன அன்று கடையில் நல்ல கூட்டம். திருமுருகன் திரையையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். விற்கிற பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஷர்லிக்கும் அவனுக்கும் காப்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் திருமுருகன் சாதாரணமாகச் சொன்னார்: "தம்பி, ஒங்க பக்கத்துல அந்த அரக்குச் சேல இருக்கு பாருங்க, அத இங்கிட்டுத் தள்ளுங்க."

நிலவழகன் பக்கத்தில் இரண்டு சேலைகள். கைக்கு வந்ததை எடுத்து நீட்டினான். அது பாசிப்பச்சை.

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அரக்குங்க தம்பி" என்றார் திருமுருகன் மறுபடியும்.

கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்ட பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. எத்தனையோ வருஷமாகக் கைகொடுத்த பொய். அன்றைக்கு அதைச் சொல்ல அவனுக்கு அருவருப்பாக இருந்தது. தான் செய்த வேலை எதிரே திரையில் பளிச்சென்று நிற்கும்போது, அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பொய் சொல்வதா?

"எனக்குச் செவப்பும் பச்சையும் தெரியாதுண்ணே. பொறந்ததுலேருந்தே."

கடையே அவனைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. திருமுருகன் முதலில் நம்பவில்லை. நம்பியதும் முகம் மாறியது. அவனை விட்டுவிட்டு ஷர்லியிடம் திரும்பினார்.

"என்ன மேடம் இது? கலரே தெரியாத ஆளுட்டயா என் கடைய ஒப்படைச்சீங்க? ஊருல தெரிஞ்சா சிரிக்க மாட்டானுங்க?"

"கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியுமாண்ணே?" என்றான் நிலவழகன். "அதுக்குக் கண்ணே இல்ல. அதுட்டத்தான ஒப்படைச்சிருக்கீங்க? இப்பத்தான் நல்லா இருக்குன்னு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுனீங்க. இந்த ஒரு நிமிசத்துல சேல மாறிப்போச்சா?"

"அதுக்கில்ல தம்பி…"

"கீழ பேரு போட்டிருக்கேன் பாருங்க. அது எனக்காகப் போட்டது. ஒங்கட்டச் சேல வாங்குற ஆம்பளைங்கள்லயும் என்னைய மாதிரி ஆளு இருக்கான். வெளிய சொல்ல மாட்டான். நான் இத்தன நாளு சொல்லாத மாதிரி."

திருமுருகன் கல்லாவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வருகிற வழியில் காரில் ஷர்லி சமாதானமாகப் பேசினார். அவருக்குக் கம்பெனி முக்கியம். "நீ உள்ள இருந்து வேலையப் பாரு. அவருட்டப் பேச நான் நம்ம ஆபீஸ் ரகுநாத்த அனுப்புறேன். அவன்தான் செஞ்சான்னு சொல்லிக்கலாம். ஒனக்கு ஒண்ணும் கொறையாது."

"கொறையும் மேடம்."

"பிடிவாதம் பிடிக்காத நிலவா."

"நான் செஞ்சது. என் பேருலதான் இருக்கும். இல்லாட்டி இருக்க வேணாம்."

ஷர்லி ரகுநாத்தை அனுப்பவில்லை. அறந்தாங்கிக் கடை கைவிட்டுப் போயிற்று. அடுத்த சில நாட்கள் அவர் நிலவழகனிடம் வேலைக்கு வேண்டிய பேச்சோடு நிறுத்திக்கொண்டார். அவன் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தன்னால் ஏழெட்டுப் பேர் வருமானத்துக்கு அடி விழுந்ததே என்று. ஆனால் அந்தப் பாசிப்பச்சைச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை நினைத்து வெட்கப்பட முயன்றும், வெட்கம் வரவில்லை. அதுதான் அவனுக்கே புதிதாக இருந்தது.

ஷர்லியிடம் ஒருநாள் போய் நின்றான். புரோகிராமில் நிறத்தை மாற்றுகிற பகுதியை மட்டும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட அனுமதி கேட்டான். "எப்படியும் நம்மட்டச் சும்மாதான கெடக்கு" என்று அவர் தலையாட்டினார். அவன் போட்டான். கீழே தன் பேரை எழுதி, அடியில் ஒரு வரியும் சேர்த்தான்: இதை எழுதியவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறியத் தெரியாது.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அம்மாவிடமும் சொன்னான். அமுதவல்லி அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே வைத்துவிட்டார்.

"ஊரு ஒலகமெல்லாம் பாக்குற மாதிரியா எழுதிப் போட்ட?"

"ஆமாத்தா."

"இனி எவன்டா பொண்ணு குடுப்பான்?"

"தெரிஞ்சு குடுக்குறவன் குடுக்கட்டும்."

அமுதவல்லி மறுபடியும் வெண்டைக்காயைக் கையில் எடுத்தார். பிறகு, "எங்க வழியா வந்துச்சுன்னும் போட்டியா?" என்று கேட்டார்.

"இல்லாத்தா. அத எதுக்கு?"

"போடு. ஒங்கப்பா சாவுற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லித்தான் என்னைய வதைச்சாரு. நான் என்ன களவாண்டா குடுத்தேன்? எங்கப்பாருக்குந்தான் செவப்பும் பச்சையும் தெரியாது. அவரு அம்பது வருசம் வெவசாயம் பாக்கலயா?"

அம்மா அப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லை.

இணையத்தில் அதை எடுத்துப் பயன்படுத்தியவர்கள் திருத்தங்கள் எழுதினார்கள், பிழைகள் சொன்னார்கள். அவற்றுக்கு நடுவே ஷார்ஜாவிலிருந்து ஒருவர் தமிழில் எழுதியிருந்தார். "தம்பி, நானும் உங்களை மாதிரிதான். யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் சிவப்பு என்று நினைத்து வீட்டுக்காரிக்கு ஒரு சேலை வாங்கிக்கொண்டு போனேன். அது அழுக்குப் பழுப்பாம். அவள் ஒன்றும் சொல்லாமல் கட்டிக்கொண்டாள். நேற்றுத்தான் போனில் அவளிடம் உண்மையைச் சொன்னேன். அப்போதே தெரியும் என்கிறாள்." நிலவழகன் அதை ஷர்லிக்குக் காட்டினான். ஷர்லி படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரகுநாத் பேரப் போடச் சொன்னேன்ல… தப்புதான்" என்றார்.

தை மாதம் திருமுருகன் போன் செய்தார். வேறு ஒருவர் செய்துகொடுத்தது சரிவரவில்லையாம்; நிலவழகன் இணையத்தில் போட்டதை யாரோ காட்டினார்களாம்.

"என் கடைப் பக்கத்துல ஒங்க பேரு இருந்துட்டுப் போகட்டும் தம்பி. அந்தக் கீழ் வரி மட்டும் வேணாம். யாவாரம் பாருங்க, புரிஞ்சுக்கங்க."

"அந்த வரியும் இருக்கும்ணே."

"அப்ப வேற ஆளப் பாத்துக்கிறேன்."

"பாத்துக்கங்கண்ணே."

போனை வைத்தபோது ஷர்லி எதிரே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இந்தத் தடவை முகம் கோணவில்லை. "இலுப்பூர்லேருந்து ஒரு அம்மா கேட்டாங்க. பருத்திச் சேலக் கடை. சின்னக் கடைதான். போயிட்டு வருவோமா?" என்றார்.

கடைக்காரம்மா பேர் கண்ணாத்தாள். நிலவழகன் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டான்: "எனக்குச் செவப்பும் பச்சையும் தெரியாதுங்க. முன்னாடியே சொல்லிடுறேன்."

கண்ணாத்தாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஊதாவ நீலம்பாரு, நீலத்தப் பச்சைம்பாரு. முப்பது வருசமா இந்தக் கடையிலதான் குப்ப கொட்டுறாரு. நீங்க காமிங்க."

ஒரு மாசத்தில் அந்தக் கடையின் சேலைகள் போனில் வந்தன. ஒவ்வொன்றின் கீழும் நிறத்தின் பேர். பக்கத்தின் அடியில் அவன் பேரும் அந்த வரியும். கண்ணாத்தாள் போனைக் கண்ணுக்கு எட்டத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"அடியில என்னமோ எழுதியிருக்கீங்க, எறும்பு மாதிரி. வாசிக்கவா முடியுது?"

நிலவழகன் அங்கேயே மடிக்கணினியைத் திறந்தான். அந்த வரியின் எழுத்தை இரண்டு மடங்காக்கினான். பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

"கடை பேர விடப் பெருசாயிடும் போலருக்கே" என்றார் ஷர்லி.

"ஆகட்டும் மேடம்" என்று சொல்லிச் சேமித்தான்.