புள்ளி விழாத முட்டைகள்

பனியன் கம்பெனியின் சலவைப் பட்டறைக்கு மேனேஜராக இருந்த எனக்கு, முட்டை என்றால் ஆம்லெட் என்ற அளவுக்குத்தான் ஞானம். அறுபதுகளின் தொடக்கத்தில் ஊரில் பெரியம்மை கண்டபோது, கோயமுத்தூரிலிருந்து வந்த ஞானாம்பாள் டாக்டர் ரத்தம் சோதிக்க என் ஆபீஸ் அறைதான் வேண்டும் என்றார். கரண்ட் போனாலும் எங்கள் ஜெனரேட்டர் ஓடும் என்பது காரணம். நாற்காலியையும் முருகன் படத்தையும் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் போனேன்.

பல்லடத்திலிருந்து வைக்கோல் கூடையில் முட்டை வந்தது. கடை முட்டை இல்லை, குஞ்சு பாதி வளர்ந்த முட்டை. சோதிக்க வேண்டியவருடைய ரத்தத்தை டாக்டர் தெளியவைத்து, மேலே நிற்கும் நீரைக் கண்ணாடிக் குழாயில் அம்மைப்பாலோடு கலப்பார். அம்மை குத்துகிற அதே பால்தான். பிறகு ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, உள்ளே இருக்கும் சவ்வின் மேல் ஒரு சொட்டு விட்டு, மெழுகால் அடைத்துச் சூட்டுப்பெட்டியில் வைப்பார். அந்த ரத்தத்தில் அம்மையைத் தடுக்கும் காப்பு இருந்தால் சவ்வு சுத்தமாக இருக்கும். இல்லாவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்திருக்கும். புள்ளிகளை எண்ணிக் காப்பின் அளவைச் சொல்வார். மனுஷனுக்கு வருகிற நோயை முட்டையிடம் விசாரிக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு.

எங்கள் பட்டறையில் துணி அலசுகிற முத்தாயி வந்து நின்ற பிறகு சிரிப்பு நின்றது. அவளுடைய ஐந்து வயசு மகள் பூவாத்தாள் அத்தை வீட்டுக்கு விருந்துக்குப் போன இடத்தில் அம்மை கண்டு, அங்கிருந்தே ஊருக்கு வெளியே அம்மைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முத்தாயியை உள்ளே விடவில்லை.

"எனக்குச் சின்னதுலயே ஆத்தா வந்து போயிட்டாளுங்க. என்னை உள்ள உடச் சொல்லுங்க" என்றாள்.

முகத்தில் ஒரு தழும்பு இல்லை. சரி, அம்மை குத்திவிடலாம் என்றால் அவள் கையெல்லாம் கரப்பான். அந்தத் தோலில் குத்தினால் அம்மைப்பாலே உடம்பு பூராவும் பரவி ஆளைக் கொன்றுவிடும் என்றார் டாக்டர்.

"உங்க ரத்தத்தைச் சோதிச்சுப் பார்த்துட்டு அனுப்பறேன் அம்மணி. மூணு நாள் பொறுங்க."

முத்தாயியின் தம்பி கருப்புசாமி எங்கள் பட்டறையில் துணி வெளுக்கும் தொட்டி ஆள். டாக்டரின் கண்ணாடிக் குழாய்களைக் கழுவும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். அக்காவுக்காக என்றால் அவன் சாக்கடையில் கூட இறங்குவான்.

மூன்றாம் நாள் டாக்டர் முத்தாயியின் முட்டைகளைத் திறந்தார். ஒன்றில்கூடப் புள்ளி இல்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கருப்புசாமி அக்காவிடம் சொல்ல ஓடினான். எனக்கும் சந்தோஷம்தான். டாக்டர் மட்டும் சிரிக்காமல் வேறு இரண்டு முட்டைகளை எடுத்தார். யாருடைய ரத்தமும் சேராமல், அம்மைப்பால் மட்டும் விட்டவை. அவற்றில் புள்ளி விழுந்தே ஆக வேண்டும்.

விழவில்லை.

கழுவி வைத்திருந்த குழாய் ஒன்றை எடுத்து முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். இருபது வருஷமாக நான் சுவாசிக்கிற வாசனை, பிளீச்சிங் பவுடர்.

"அம்மைப்பால் முட்டைக்குப் போகும் முன்னாலயே குழாயில செத்துப் போச்சுங்க. சைக்கிள் இருக்குங்களா?"

சேலையைச் செருகிக்கொண்டு என் சைக்கிளில் அவரே பறந்தார். நான் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினேன். கொட்டகை வாசலில் முத்தாயி கஞ்சிச் சட்டியோடு நிற்க, டாக்டர் மூங்கில் படலைப் பிடித்துக்கொண்டு வழி மறித்திருந்தார்.

"என் முட்டையில ஒண்ணுமே வரலீன்னு தம்பி சொன்னானுங்க."

"எந்த முட்டையிலயும் வரலீங்க. அதனால உங்களுக்குக் காப்பு இருக்குன்னு சொல்ல முடியாது. மறுபடி பார்க்கோணும்."

"புள்ளை பெத்திருந்தா இப்படிப் பேசமாட்டீங்க."

டாக்டர் கேட்டுக்கொண்டார். படலிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை. அன்றைக்குத்தான் அந்த டாக்டரம்மாவின் மேல் எனக்கு மரியாதை வந்தது. நல்ல சேதியைத் திருப்பி வாங்குவதற்கு எத்தனை பேருக்கு நெஞ்சு இருக்கிறது?

கருப்புசாமி அழுதான். "டாக்டரம்மா கொதிதண்ணிதான் ஊத்தச் சொன்னாங்க. பிளீச்சிங் போடாம எப்படீங்க வெள்ளையாகும்? பனியனுக்கே அத்தனை பார்க்கறோம்." அவனை யாரும் திட்டவில்லை. டாக்டர் குழாய்களை வாங்கித் தானே கழுவிக் கொதிக்கவைத்து, முத்தாயியிடம் மறுபடி ரத்தம் எடுத்தார்.

இரண்டாம் முறை அம்மைப்பால் மட்டும் விட்ட முட்டைகளில் புள்ளி நிறைந்திருந்தது. முத்தாயியின் முட்டைகளிலும் அதே அளவு. சின்ன வயசில் அவளுக்கு வந்தது வெறும் சின்னம்மையாக இருந்திருக்க வேண்டும். இரண்டு முட்டைகள் மட்டும் பளிச்சென்று இருந்தன.

"இது யாருதுங்க?" என்றேன்.

"என்னோடது. பலதடவை அம்மை குத்திக் காப்பு இருக்கற ரத்தம் ஒண்ணு ஒப்பிட்டுப் பார்க்க வேணுமில்லீங்களா."

பெட்டியை மூடினார், கை கழுவினார், நேராகக் கொட்டகைக்குப் போய் முத்தாயியிடம் உள்ளதைச் சொன்னார். அவள் படலுக்கு உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"நீங்க உள்ள போலாமுங்களா?"

"போலாமுங்க."

கஞ்சிச் சட்டியை நீட்டினாள். "வலது காதைத் தடவினாத்தான் அவ தூங்குவாளுங்க."

காலையில் டாக்டர் வெளியே வந்து எட்ட நின்றார். கண் சிவந்திருந்தது. "காதுல தடவ இடமில்லீங்க அம்மணி, பூராவும் கொப்புளம். இடது கால் கட்டை விரலைத் தடவினேன். கொஞ்ச நேரம் முறைச்சா. அப்புறம் தூங்கிட்டா. கஞ்சியில பாதியைத் துப்பிட்டா."

நானாக இருந்தால் காதைத்தான் தடவினேன், கஞ்சியெல்லாம் குடித்துவிட்டாள் என்று சொல்லியிருப்பேன். முத்தாயி டாக்டர் மறைக்காமல் சொன்ன அந்தச் சொல்லை நம்பித்தான் அன்றிலிருந்து தினமும் வாசலில் உட்கார்ந்தாள். டாக்டரும் தினமும் உள்ளே போனார்.

பூவாத்தாள் பிழைத்து, தழும்பு முகத்தோடு வெளியே வந்தாள். முத்தாயி மடியில் போட்டுக்கொண்டு வலது காதைத் தொட்டாள். குழந்தை அந்தக் கையைத் தட்டிவிட்டு, இடது காலை நீட்டியது.