கண்ணாடிக்கடியில் மூன்று பொத்தான்

என் காரில் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்கு அடியில் மூன்று சின்னப் பொத்தான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வீடு மாதிரி ஒரு படம். பழைய கார் கடையில் வண்டியை வாங்கும்போதே கேட்டேன், இது என்னத்துக்கு என்று. "தரை வீட்டுக்காரங்களுக்கு, அக்கா. கார்ல இருந்தே வீட்டு கேட்டைத் திறக்கலாம்" என்றான் கடைக்காரன். நான் இருப்பதோ பாசிர் ரிஸ்ஸில், அடுக்குமாடி புளோக் ஒன்றின் பதினொன்றாம் மாடியில். எங்கள் புளோக்குக்கு கேட்டே கிடையாது. மொட்டைத் தலைக்குச் சீப்பு கிடைத்த கதைதான்.

ஆனாலும் காலையில் வண்டியை எடுக்கும்போது அந்தப் பொத்தான்களை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். இன்றைக்கு நல்ல வழி திறக்கட்டும் என்று ஒரு வேண்டுதல். என் மகள் ரக்ஷனா சிரிப்பாள். சிரிக்கட்டுமே. வாடகைக் கார் ஓட்டுகிறவளுக்கு அன்றைய நாள் எந்தத் திசையில் ஓடும் என்று யாருக்குத் தெரியும்?

அந்த வண்டியில் ஒரே ஒரு குறை. இடது பக்கக் கதவில் முழ நீளத்துக்கு ஒரு கீறல். பட்டறையில் கொடுத்துப் பார்த்தும் முழுதாகப் போகவில்லை. எந்தப் புண்ணியவான் இழுத்தானோ, அவன் கை விளங்காமல் போக என்று நான் திட்டாத வாரம் இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சிராங்கூன் கார்டன்ஸிலிருந்து தேக்கா கோயிலுக்கு ஒரு சவாரி அழைப்பு வந்தது. சந்துக்குள் நுழைந்து எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்தினேன். வரிசை வீடு. வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம். ஆள் உயரத்துக்கு மேல், ஈட்டி முனைகளோடு ஓர் இரும்பு கேட். கம்பிகளுக்குப் பின்னால் ஒரு மணப்பெண் நின்றாள்! அரக்குப் பட்டு, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம் எல்லாம் போட்டு, சிறைக்குள் நிற்கிற மாதிரி நின்றாள். பக்கத்தில் பட்டு வேட்டியில் அவள் அப்பா. அவர்களுக்குப் பின்னால் மல்லிகைச் சரம் கட்டிய புத்தம் புதிய மின்சாரக் கார்.

இவ்வளவு பளபளக்கிற காரை வைத்துக்கொண்டு என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஏறுங்க லா, இங்க ரொம்ப நேரம் நிக்க முடியாது" என்றேன்.

"ஏற முடிஞ்சா ஏற மாட்டோமா அக்கா? கேட் திறக்க மாட்டேங்குது!" என்றாள் பெண். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

விஷயம் இதுதான். பெண் பேர் சுபாங்கி. அவள் அத்தை இராசமலர், சொந்தக்காரர்களை எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு முன்னாலேயே போய்விட்டாள். போகும்போது, கல்யாண வீட்டைத் திறந்து போடக்கூடாது என்று வெளியிலிருந்து ரிமோட்டால் கேட்டை மூடியிருக்கிறாள். வீட்டில் இருந்த ஒரே ரிமோட்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"உங்களுக்கு ரிமோட் வேணும்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"பழைய கார்ல கண்ணாடிக்குக் கீழ பட்டன் இருந்துச்சு. புதுசுலயும் இருக்கும்னு நினைச்சிட்டாங்க. யாரா இருந்தாலும் அப்படித்தானே நினைப்பாங்க?"

அவள் அப்பா சிவசுப்பிரமணியம் தலையைக் குனிந்துகொண்டார். "நானும் அப்பிடித்தான் நினைச்சனான், பிள்ளை. இப்ப வாற காருகளிலே அது இல்லையாம். தனியாச் சொல்லிப் பொருத்த வேணுமாம். வாங்கினாப் பிறகுதான் சொன்னவங்கள்."

"யானையை வாங்கிட்டு அங்குசத்தை விட்டுட்டு வந்திருக்கீங்க" என்றேன். சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் என் வாய் அப்படி.

கையால் தள்ளலாமே என்றால், மோட்டாரை விடுவிக்க ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவியும் ரிமோட் வளையத்திலேயே தொங்குகிறது. சுவரேறிப் போகலாமே என்றால், திருடனுக்குப் பயந்து மூன்று பக்கமும் சுவரை உயர்த்திக் கண்ணாடித் துண்டு பதித்து வைத்திருக்கிறார் மனிதர். திருடன் உள்ளே வர முடியாது. அவர் மகளும் வெளியே போக முடியாது. அத்தைக்கு இருபது தடவை போன் அடித்தாயிற்று. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு எங்கே கேட்கப் போகிறது?

"அக்கா, நீங்க கோயிலுக்குப் போய் ரிமோட்டை வாங்கிட்டு வாங்க. பச்சைப் புடவை, பெரிய கொண்டை. அதுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

மணி ஒன்பதே முக்கால்.

"முகூர்த்தம் எத்தனை மணிக்கு?"

"பத்தரைக்குள்ள. அதுக்கப்புறம் மேடை அடுத்த கல்யாணத்துக்கு." அவள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். "ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளிப்போச்சுக்கா. அவரோட அப்பா இறந்து ஒரு தடவை, அவருக்குக் கால் உடைஞ்சு ஒரு தடவை. இப்பவும் நின்னுச்சுன்னா, ராசியில்லாத பொண்ணுன்னு சொல்லிடுவாங்க. இப்பவே சிலபேர் சொல்றாங்க."

எனக்கு வந்ததே கோபம்! எந்த வாய் அப்படிச் சொன்னது என்று தேடிப் போய்க் கேட்கலாம் போலிருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தேக்கா கூட்டத்தில் போய், பச்சைப் புடவைகளுக்கு நடுவில் ஒரு பச்சைப் புடவையைக் கண்டுபிடித்து, திரும்பி வந்து, மறுபடியும் இவளைக் கூட்டிக்கொண்டு போவதற்குள் அடுத்த ஜோடிக்குத் தாலியே கட்டி முடித்திருப்பார்கள். அது எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

"வர்றேன், அழாத. மை கலைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறித் திருப்பினேன். என் இடது பக்கம் கேட்டுக்கு நேராக வந்தது.

"நிறுத்துங்க! அக்கா, நிறுத்துங்க!"

பிரேக்கை மிதித்தேன்.

"அப்பா, அந்தக் கீறலைப் பாருங்க! அது நான் போட்டது!"

சிவசுப்பிரமணியம் கம்பிக்கு நடுவில் முகத்தை நுழைத்து நம்பர் தட்டைப் பார்த்தார். அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது. "என்ரை கார்! பிள்ளை, இது என்ரை பழைய கார்!"

"லைசென்ஸ் எடுத்த வாரம், இந்தத் தூண்ல இழுத்துட்டேன்" என்று சுபாங்கி கேட் தூணைக் காட்டினாள். அங்கேயும் அதே உயரத்தில் சிமெண்டு பெயர்ந்து ஒரு கோடு. இத்தனை நாளும் நான் விளங்காமல் போகச் சொன்ன கை அது. இப்போது மருதாணியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா தாயே, என் வாக்கு எதையும் காதில் வாங்காதே என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

"கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்திட்டுது! கண்ணாடிக்குக் கீழே பொத்தான் இருக்கு, அழுத்து பிள்ளை..." என்று துள்ளியவர் பாதியில் நின்றார். முகம் விழுந்துவிட்டது. "ஐயோ. விக்கிறதுக்கு முதல் நான் அதை அழிச்சிட்டன். இருபது விநாடி அழுத்திப் பிடிச்சு, எல்லாத்தையும் அழிச்சிட்டன். பாதுகாப்பு எண்டு."

நான் அவர் பேச்சை முடிக்க விடவில்லை. முதல் பொத்தானைத் தட்டினேன். கேட் அசையவில்லை. இரண்டாவது. மூன்றாவது. ஒன்றும் இல்லை. காலையில் எங்கள் கார் நிறுத்துமிடத்தில் எப்படி ஒன்றும் நடக்காதோ, அப்படியே.

"சொன்னனே" என்று அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தட்டினா வராதுக்கா!" என்று கத்தினாள் சுபாங்கி. "அமுக்கிப் பிடிக்கணும்! முதல் பட்டன்! விடாமப் பிடிங்க!"

பிடித்தேன். பொத்தானுக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு விளக்கு கண் சிமிட்டியது. இத்தனை மாதத்தில் அப்படி ஒரு விளக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. கேட் ஒரு முனகல் முனகியது. பிறகு கடகடவென்று நகர ஆரம்பித்தது!

நான் ஹாரனை அடித்தேன். சந்தோஷத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் அடித்தேன். சுபாங்கி புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடிவந்து என் வண்டியில் ஏறினாள்.

"அப்பா, அழிச்சிட்டேன்னு சொன்னீங்க!"

"பதினெட்டு விநாடிதான் பிடிச்சிருப்பன் போல" என்றபடி அவரும் ஏறினார். ஏறினவர் உடனே, "கேட்டை மூட வேணுமே!" என்றார். நான் பொத்தானைப் பிடித்தேன். கேட் மூடிக்கொண்டது. புதுக் கார் மல்லிகைச் சரத்தோடு உள்ளேயே நின்றது.

அன்றைக்கு ஓட்டினது மாதிரி நான் என்றைக்கும் ஓட்டினதில்லை. சிராங்கூன் ரோட்டுக்குள் போகாமல் சந்து சந்தாக நுழைந்து கோயிலின் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன். சுபாங்கி இறங்கி, என் கையை விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டே ஓடினாள். மாப்பிள்ளை யதீசன் மணவறையிலிருந்து எழுந்தே நின்றுவிட்டான். கெட்டிமேளம் கொட்டியபோது நான் என் காக்கிக் கால்சட்டையோடு முதல் வரிசையில் நின்று அட்சதை போட்டேன். கண்ணீர் வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் பெரிய கொண்டை ஒன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. "ஏன் அண்ணை, புதுக் காரிலே வரேல்லையே? பொத்தானை அழுத்தினாத் திறக்குமே!" என்றாள் இராசமலர். சிவசுப்பிரமணியம் அவளைப் பார்த்தார். பிறகு பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

சாப்பிட்டுவிட்டு நான் கிளம்பும்போது வண்டி வரைக்கும் வந்தார்.

"ஏறி உக்காருங்க அங்கிள். அந்தப் பட்டனை இப்பவே அழிச்சிடுங்க. முன்னப்பின்ன தெரியாதவ கையில உங்க வீட்டுச் சாவி இருக்கலாமா?"

அவர் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அடியில் விரலை வைத்தார். அழுத்தவில்லை.

"உன்ரை பேர் என்ன, பிள்ளை?"

"மங்களம்."

"அப்ப இருக்கட்டும், மங்களம்" என்று விரலை எடுத்துக்கொண்டார். "இராசமலர் இன்னும் எத்தனையோ தரம் வீட்டுக்கு வருவாள்."

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பிய ரக்ஷனாவோடு வண்டியில் ஏறினேன். வழக்கம்போல் தட்டவில்லை. முதல் பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். பச்சை விளக்கு சிமிட்டியது. அங்கே எதுவும் திறக்கவில்லை. ரக்ஷனா சிரித்தாள்.

"சிரி லா" என்றேன். "உங்கம்மாவுக்குச் சிராங்கூன் கார்டன்ஸ்ல ஒரு கேட் இருக்கு."