ஒன்றேகால் நொடி நட்சத்திரம்

என் அப்பா தீர்த்தகிரிக்கு எதையும் சொல்லிவிட்டுச் செய்கிற பழக்கம் கிடையாது. மாடு வாங்கினால் மாடு வாசலுக்கு வந்த பிறகுதான் அம்மாவுக்கே தெரியும். அப்படிப்பட்ட மனுஷன் கொல்லைக்கு வேலி போட்டால் மட்டும் பெங்களூரில் இருக்கிற எனக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவாரா?

எங்கள் கொல்லை, அதாவது கடலை போடுகிற நிலம், ஏரியூரைத் தாண்டிக் காட்டை ஒட்டி இருக்கிறது. மூன்று பக்கமும் கரட்டுக் குன்று. செல்போன் சிக்னல் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. வானத்திலிருந்து வருகிற ரேடியோ அலைகளைக் கேட்பதற்கு அந்த மாதிரி இடம்தான் வேண்டும். எங்கள் பல்கலைக்கழக மாடியில் ஆன்டெனா வைத்தால், பக்கத்து ஹாஸ்டலில் மிக்ஸி ஓடுவதெல்லாம் பிரபஞ்சத்தின் செய்தி மாதிரி வந்து விழும். "எங்க கொல்லைல வைக்கலாம் சார்" என்று என் வழிகாட்டி மாதவராஜ் சாரிடம் நான்தான் வாயைக் கொடுத்தேன். நிலக்கடலைக்கு நடுவே வரிசையாகக் கம்பம் நட்டோம், கம்பி கட்டினோம், கேபிள் இழுத்து மோட்டார் கொட்டகையில் கம்ப்யூட்டரை வைத்தோம். ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "துணி காயப்போடவா கண்ணு இத்தன கம்பி?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

நான் தேடியது செத்துப்போன நட்சத்திரத்தை. பெரிய நட்சத்திரம் சாகும்போது வெடித்துச் சிதறும். நடுவிலிருக்கும் கரு மட்டும் ஒரு ஊர் அளவுக்குச் சுருங்கி மிஞ்சும். மிஞ்சினது சும்மா இருக்காது, சுற்றும். சுற்றுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு ரேடியோ வீச்சு நம் பக்கம் வந்துபோகும், கொஞ்சமும் தாளம் தப்பாமல். ஆனால் மிக மெலிந்த துடிப்பு அது. ஒற்றைத் துடிப்பைப் பார்க்கவே முடியாது. இரவு முழுக்க வந்ததையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டினால்தான் திரையில் சின்னதாக ஒரு மேடு எழும். அந்த ஒரு மேட்டுக்காகத்தான் ஐந்து வருடமாக நாயாய் அலைந்தேன். இந்த வருடக் கடைசிக்குள் அது கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிட வேண்டும் என்று பல்கலைக்கழகக் கமிட்டி சொல்லிவிட்டது. மூடினால் எனக்குப் பட்டமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை.

அந்த நேரத்தில்தான் காட்டுப்பன்றிகள் வந்து கேபிளைக் கடித்துத் துப்பிவிட்டுப் போயின. விஷயம் தெரிந்து போனிலேயே அழுதேன். அப்பா, "சரி கண்ணு, சரி கண்ணு" என்றார். அறுந்த கேபிளை ஏரியூர் எலக்ட்ரீஷியனை வைத்து ஒட்டிவிட்டார். பழையபடி வாரத்துக்கு ஒருமுறை ஹார்ட் டிஸ்கை மஞ்சள் பையில் போட்டு, பெங்களூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார்.

ஆவணி கடைசியில் வந்த டிஸ்கில் மேடு இருந்தது.

ஒன்றேகால் நொடிக்கு ஒருமுறை. ஒரு இரவு விடாமல் எல்லா இரவிலும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாதவராஜ் சார் நாற்காலியை விட்டு எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். "மலர்விழி, இது எந்தப் பட்டியலிலும் இல்லம்மா" என்றார். நட்சத்திரம் என்றால் நாளுக்கு நான்கு நிமிடம் முன்னதாக உதிக்க வேண்டும், அதைச் சரிபார்க்க இன்னும் நாள் வேண்டும் என்று அவரேதான் சொன்னார். ஆனால் கமிட்டிக்கு அன்றைக்கே சொல்லிவிட்டார். வேறொரு ஊரிலிருக்கும் பெரிய தொலைநோக்கியை ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்க ஏற்பாடும் ஆயிற்று. இந்தப் பக்கம் அப்பா பாப்பாரப்பட்டிச் சந்தையில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் சொல்லிவைத்திருந்தார்: "எம்மவ நட்சத்திரம் கண்டுபுடிச்சிருக்கா. எங்க கொல்லைல!"

அந்த வெள்ளிக்கு மூன்று நாள் முன்னால் ஊருக்கு வந்தேன். கடலை பிடுங்குகிற பருவம். திங்கள்கிழமைக்கு ஆள் சொல்லியிருந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் அப்பா என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய், கல்யாண மாப்பிள்ளையைக் காட்டுகிற மாதிரி காட்டினார். கொல்லையைச் சுற்றிலும் புதுக் கம்பி. மோட்டார் கொட்டகைச் சுவரில் ஒரு பெட்டி, மேலே சோலார் தகடு.

"சோலார் வேலி. பன்னி மூக்க வெச்சா ஒரு ஒத வுடும், அவ்ளோதான். சாவாது. ஒயர கடிச்சிருச்சுன்னு அழுதியே, அதுக்கோசரம் போட்டன். கல்லக்காய்க்கும் ஆச்சு."

"எப்பப்பா போட்டீங்க?"

"ஆவணில. பொழுது சாஞ்சா போடுவன், விடிஞ்சா ஆஃப் பண்ணிடுவன்" என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைத் தட்டினார்.

தக்.

தக்.

தக்.

ஒவ்வொரு தக்குக்கும் கம்பியில் ஒரு மின்சார உதை; ஹாஸ்டல் மிக்ஸி மாதிரி அதுவும் ரேடியோ அலை கிளப்பும். அப்பா பச்சைப் புல் ஒன்றைக் கிள்ளிக் கம்பியில் வைத்து, கை வெடுக்கென்று இழுப்பதைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். ஒன்றேகால் நொடி.

மாதவராஜ் சாருக்குப் போன் போட்டேன். அவர் ஒன்றுக்கு இரண்டு தடவை அந்த ஒன்றேகால் நொடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு, "ரெண்டும் இருக்கலாம்மா. வேலிக்குப் பின்னால நிஜ நட்சத்திரமும் இருக்கலாம். ஒரு ராத்திரி வேலிய ஆஃப் பண்ணிப் பாரு. வெள்ளிக்கு முன்னால நமக்குத் தெரிஞ்சாகணும்" என்றார். அவர் குரலிலேயே நம்பிக்கை இல்லை. ஆனால் எனக்குப் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் போட்ட வேலியைத்தான் நான் நட்சத்திரம் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றா? "வேலி கொஞ்சம் தொந்தரவு பண்ணுதுப்பா. இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் ஆஃப்ல இருக்கட்டுமா?" என்றேன்.

அம்மா செல்லம்மாள் பாத்திரத்தை டொம்மென்று வைத்தாள். "ஏன்டி, வெளஞ்ச கல்லக்கா. அஞ்சு நாள்ல புடுங்கறது. பன்னிய வெத்தல பாக்கு வெச்சு கூப்புடறியா?"

"ஒரு ராத்திரிதான, வுடு" என்றார் அப்பா. "நான் தகரம் தட்டிக்கிட்டு உக்காந்துக்கறன்."

தகரத்துக்குப் பயப்படுகிற பன்றிகளெல்லாம் அந்தக் காலத்தோடு போய்விட்டன போலிருக்கிறது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். கொல்லையின் கீழ்ப்பாதி முழுக்க உழுது போட்டிருந்தது. கொடி ஒரு பக்கம், பிஞ்சு ஒரு பக்கம், சவைத்துத் துப்பின தோல் ஒரு பக்கம். அம்மா வரப்பில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தாள். திட்டக்கூட இல்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கொட்டகைக்குள் போய் இரவுத் தரவைக் கூட்டிப் பார்த்தேன். கோடு. வழித்துவிட்ட மாதிரி நேர்க்கோடு. வேறு மாதிரி கூட்டினேன், பாதிப் பாதியாகப் பிரித்துக் கூட்டினேன். மேடு இல்லை. நட்சத்திரமும் இல்லை, நட்சத்திரத்தின் நிழலும் இல்லை. ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. கொல்லையை அப்படிப் பார்த்துவிட்டு வந்து எந்த முகத்தோடு இதற்கு அழுவது?

அப்பா வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது, கைலியெல்லாம் மண்.

"வந்துச்சா கண்ணு?"

"வரலப்பா."

அவர் முகம் விழுந்துபோயிற்று. சுவரிலிருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "நான் சுவிட்ச மட்டுந்தான ஆஃப் பண்ணன். உள்ள பேட்டரி ஓடிக்கிட்டு கெடந்திருக்கும். என் தப்புதான். இரு" என்று சொல்லிவிட்டுக் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் பின்னாலேயே ஓடுவதற்குள் முதல் கம்பத்தில் கம்பியை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

"என்னப்பா பண்றீங்க?"

"கம்பிய சுத்தமா கழட்டிடறன். பாதி போனது போச்சு. மீதியும் போனா போவட்டும். இன்னிக்கு ராத்திரி வரும் பாரு உன் நட்சத்திரம்."

சொல்லாமல் விட்டால் மீதிக் கொல்லையும் போய்விடும். சொன்னால் அப்பா என்ன ஆவார்? யாரையாவது திட்டலாம் என்றால் திட்டுவதற்கும் அங்கே ஆள் இல்லை. அவர் கையைப் பிடித்துப் பிளேயரைப் பிடுங்கினேன்.

"வேண்டாம்ப்பா. நட்சத்திரம் இனிமே வராது. அது நட்சத்திரமே இல்ல. நான் பாத்ததெல்லாம் இந்த வேலிதான். இது அடிக்கறதத்தான் நான் நட்சத்திரம்னு நெனச்சிட்டன்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கம்பியைப் பார்த்தார். என் ஆன்டெனா கம்பங்களைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாகக் கேட்டார்.

"அப்ப... நாந்தான் கெடுத்துட்டனா?"

"இல்லப்பா" என்றேன். அவர் அவிழ்த்துப் போட்டிருந்த கம்பியைக் குனிந்து சுருட்ட ஆரம்பித்தேன்.

மத்தியானம் மாதவராஜ் சாரிடம் சொன்னேன். பெரிய தொலைநோக்கிக்காரர்களிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். கம்பங்களை எப்போது கழற்றலாம் என்று பிறகு பேசலாம், நீ முதலில் சாப்பிடு என்றார். அன்றைக்கு எல்லாருமே என்னைச் சாப்பிடத்தான் சொன்னார்கள்.

பொழுது சாய்ந்தது. மீதிக் கடலையையாவது காப்பாற்ற வேண்டும். அவிழ்த்த கம்பியை இரண்டு பேருமாகத் திரும்பக் கட்டினோம். அப்பா பெட்டியிடம் போய்ச் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேறு எங்கோ பார்ப்பதுபோல நின்றேன்.

தக்.

தக்.

அவர் பதறிப்போய்க் கொட்டகைக்குள் போனார். இரண்டு கோணிச்சாக்கை எடுத்து வந்து, மடித்து, பெட்டிமேல் போர்த்தி, சுற்றிலும் கயிறு போட்டு இறுக்கினார். காதை வைத்துக் கேட்டார். இன்னொரு சாக்கையும் எடுத்துவந்து வைத்துக் கட்டினார்.

"இப்ப சத்தம் கேக்காது கண்ணு. போ, போய்ச் சாப்புடு."

"கேக்கலப்பா" என்றேன்.

மூன்று சாக்குக்கும் உள்ளேயிருந்து அது அடித்துக்கொண்டுதான் இருந்தது.