மைத்துனர் இன்னும் வண்டியின் மேல்தான் இருக்கிறார்

1

இக்கதையை நான் தேடிச் சென்றேன் அல்லேன். அது தொலைபேசியில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல், செய்தித்தாளைப் பாதி படித்திருந்த வேளையில், என் தங்கையின் கணவர் அழைத்தார். அவர் பல் மருத்துவர். உரக்கப் பேசியே பழகியவர். அன்று அவர் குரல் தலையணைக்கு அடியிலிருந்து வருவது போலிருந்தது.

“மச்சான், உடனே வீட்டுக்கு வாங்க. சத்தம் போடாம வாங்க.”

“என்ன மாப்பிள்ளை, உடம்புக்கு ஏதாவது?”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பைக் மேல இருக்கேன். இறங்க முடியல.”

“எங்க போயிட்டிருக்கீங்க?”

“எங்கயும் போகல மச்சான். நம்ம ஷெட்லதான் இருக்கேன்.”

காலணியைத் தேடும்போதே இதனைக் கதையாக்கலாம் என்று தோன்றிவிட்டது. ஒருவர் துன்பத்தில் இருக்கையில் அவ்வாறு தோன்றலாமா என்று கேட்பீர்கள். தோன்றலாகாது. தோன்றிற்று.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

‘கார்முகில் திரண்டாற்போன்ற கருமையும், பாயவிருக்கும் வேங்கையின் முதுகும் உடைய அவ்வியந்திரப் புரவி—’

(அடித்துவிட்டேன். ஒரே வண்டி முகிலாகவும் வேங்கையாகவும் புரவியாகவும் இருத்தல் இயலாது. மேலும், அது எங்கும் பாயவில்லை.)

இரண்டாவது:

‘மணமான ஆடவன் தன் மனைவியிடம் சொல்லாமல் செய்யத் தகாத செயல்கள் மூன்று. அவற்றுள் முதலாவது—’

(இதனையும் கைவிட்டேன். ஏனைய இரண்டும் எவை என்று எனக்கே தெரியவில்லை.)

ஆதலின் நேரே சொல்கிறேன். அந்த பைக், பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கென்றே குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்ட சிறப்புப் பதிப்பு. புத்தகங்களுக்குத்தான் சிறப்புப் பதிப்பு உண்டு என்று நம்பியிருந்தவன் நான். இதற்கு முன்விளக்கு இல்லை, பக்கக் கண்ணாடி இல்லை, ஹாரன் இல்லை. வீதியில் ஓட்டச் சட்டம் இடங்கொடாது. எடை குறையவேண்டும் என்பதற்காகப் பக்கவாட்டு ஸ்டாண்டையும் நீக்கிவிட்டார்கள்.* வண்டி நிற்கவேண்டுமாயின், பின்சக்கரத்துக்கு அடியில் தனி இரும்பு ஸ்டாண்டு ஒன்றைச் செருகி, அதன் பிடியை ஒருவர் கீழ்நோக்கி அழுத்தவேண்டும். பந்தயத் தடத்தில் அதற்கென்று ஆள் உண்டு. வீட்டில் இருப்பவளோ என் தங்கை.

(* ‘அவரோட தொந்திக்கு முன்னாடி அந்த ஸ்டாண்டு என்ன எடை இருந்துடப்போகுது?’ என்பது அவள் கருத்து. கதைக்கு இன்றியமையாதது அன்று. விடவும் மனம் வரவில்லை.)

3

இங்கே பாத்திரப் படைப்பில் ஓர் இடர்ப்பாடு. என் மைத்துனர், ஆளே இல்லாத தெருவில் காரைப் பின்னால் எடுக்கும்போதும் விடாமல் ஹாரன் அடிப்பவர். நாற்காலியின் மேல் ஏறி விளக்கு மாட்டுவதற்கு மின்பணியாளரை வரவழைப்பவர். இத்தகையவர் இத்தகைய வண்டியை வாங்கினார் என்று மாணவன் எவனேனும் எழுதியிருந்தால், ‘நம்பத் தகுந்ததாக இல்லை’ என்று ஓரத்தில் சிவப்பு மையால் குறித்திருப்பேன். ஆயினும் வண்டி ஷெட்டில் நிற்கிறது. (நிற்கவில்லை. அதுதானே சிக்கல்.)

என் தங்கையின் கோபத்துக்கு வண்டியின் வேகம் காரணமன்று. முன்பதிவு செய்துவிட்டு மைத்துனர் மாதக்கணக்கில் காத்திருந்தார். அக்காலமெல்லாம் தம் நோயாளிகள் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் வண்டியின் பெருமையை எடுத்துரைத்தார். அவர்களும் வாயைப் பிளந்தபடி கேட்டிருந்தார்கள். வீட்டில் மட்டும் மூச்சுவிடவில்லை. பிறகு ஒருநாள் காய்கறிக் கடைக்காரர், தக்காளியை நிறுத்துக்கொண்டே, “அப்புறம் அம்மா, டாக்டரோட பைக் எப்போ வருது? சக்கரங்கூட கார்பனாமே!” என்று கேட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தவள் கணவரிடம் பேச்சை நிறுத்தினாள். வண்டி வந்து இறங்கியபோதும் பேசவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள்:

“கடைக்காரருக்குத் தெரியுது அண்ணா. அவரோட கடைவாய்ப் பல்லுக்குக்கூடத் தெரியுது. எனக்குத் தெரியல.”

“நீயே கேட்டுப் பாரேன் அம்மா.”

“நான் எதுக்குக் கேட்கணும்? டயருக்குக் கரண்டுக் கம்பளி வாங்கி வெச்சிருக்காரு. ஓட்டுறதுக்கு முன்னாடி அதைச் சுத்திச் சூடு பண்ணணுமாம். நான் ஜுரத்துல கிடந்தப்போ, போர்வை எந்த அலமாரியில இருக்குன்னு என்னைத்தான் எழுப்பிக் கேட்டாரு.”

4

நிற்க. ஷெட்டுக்குள் நுழைந்தேன்.

மைத்துனர் கழுத்து முதல் கணுக்கால்வரை ஒரே துண்டாகத் தைத்த தோலாடையில் இருந்தார். அதன் முதுகில், காற்றைக் கிழிப்பதற்கென்று சிறு கூன் ஒன்றும் வைத்திருந்தார்கள். கைப்பேசி பெட்ரோல் டேங்கின் மேல் கிடந்தது. அடுத்த ஞாயிறு முதன்முறையாகத் தடத்துக்குப் போகவிருப்பதால், அமர்ந்து பழகலாம் என்று ஏறியிருக்கிறார். ஏறிய மகிழ்ச்சியில் உடலை முன்னே உந்த, வண்டி ஸ்டாண்டிலிருந்து நழுவி இறங்கிவிட்டது. இருக்கையோ உயரம், அவரோ உயரமல்லர். இரு கால்களும் நுனிவிரல்களில் நின்றன.

“வண்டியைக் கீழ போட்டுட்டு இறங்கிடுங்களேன் மாப்பிள்ளை.”

“மச்சான்! உலகத்துலயே மொத்தம் ஐந்நூறுதான் செஞ்சிருக்காங்க!”

“மிச்சம் நானூத்துத் தொண்ணூத்தொன்பது இருக்கும்ல?”

“விளையாடாதீங்க. அந்த ஸ்டாண்டைச் செருகி ஒரு அழுத்து அழுத்துங்க.”

பதற்றத்தில் அவர் மறந்திருந்த என் வலக்கையைக் காட்டினேன். தோளில் செய்த அறுவை சிகிச்சை ஆறாமையால் அது கழுத்துக் கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. (இக்கதையை இடக்கையால் எழுதுகிறேன். பிழை பொறுத்தருள்க.)

“தங்கச்சியைக் கூப்பிடட்டுமா?”

“வேணாம். கூப்பிட்டா நான் தோத்துட்ட மாதிரி ஆயிடும்.”

“இப்போ ஜெயிச்சிட்டிருக்கீங்களா?”

என்னால் சிரிப்பை அடக்க இயலவில்லை.

5

இவ்விடத்தில் கதையை முடிக்க முயன்றேன்.

முடிவு அ: தங்கை வருகிறாள். ஒரு சொல்லும் பேசாமல் ஸ்டாண்டைப் போட்டுவிட்டுப் போகிறாள். (வண்டி பிழைக்கிறது. அவர்கள் இருவரும் முன்போலவே இருக்கிறார்கள். தள்ளுக.)

முடிவு ஆ: ‘வண்டியை வித்துடறேன்’ என்று அவர் கண் கலங்க, அவள் மனமிரங்கி— (அவள் விற்கச் சொல்லவேயில்லையே. தள்ளுக.)

அடுத்ததை எண்ணிக்கொண்டிருக்கையில், என்னைக் கேளாமலேயே ஷெட்டின் உட்கதவு திறந்தது. என் சிரிப்பு கேட்டிருக்கும். தங்கை ஒரு முக்காலியோடு வந்தாள். வண்டிக்கு எதிரே போட்டு அமர்ந்தாள். தோலாடையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“அண்ணா, முதுகுல அது என்ன?”

“காத்துக்காம்.”

“மச்சான், அந்த ஸ்டாண்டைப் போடச் சொல்லுங்க” என்றார் அவர், என்னைப் பார்த்து.

“முதல்ல வண்டியைப் பத்திச் சொல்லச் சொல்லு அண்ணா” என்றாள் அவள், அவளும் என்னைப் பார்த்து. “பல்லுக்கு வந்தவங்ககிட்ட சொன்ன மாதிரியே சொல்லட்டும். நான் குறுக்கே பேசல.”

6

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். குதிரைத்திறன் இவ்வளவு என்றார். கார்பன் சக்கரம் என்றார். தங்கை முக்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“இதெல்லாம் கடைக்காரரே சொல்லிட்டாரு அண்ணா.”

“இரு, இரு!” என்றார் மைத்துனர். இம்முறை என்னைப் பார்க்கவில்லை. “உன்கிட்ட சொன்னா ‘எதுக்கு’ன்னு கேட்பே. அவங்க யாரும் கேட்கல. கேட்க முடியாது, வாயில பஞ்சு. எதுக்குன்னு எனக்கே சரியாத் தெரியாதும்மா. நாள் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ளயே குனிஞ்சு பார்த்திட்டிருக்கேன். ஒரு தடவையாவது எதிர்ல தூரமா எதையாவது பார்த்துக்கிட்டுப் போகணும்போல இருந்தது. அதைச் சொன்னா நீ சிரிச்சிடுவியோன்னு பயம். அவ்வளவுதான்.”

(இந்த வண்டியிலும் குனிந்தேதான் அமரவேண்டும் என்பதை நான் அப்போது சுட்டிக்காட்டவில்லை. ஆசிரியராக இருந்தவனுக்கு அது எளிய துறவன்று.)

தங்கை முக்காலியைக் கீழே வைத்தாள். பின்பக்கம் சென்று, ஸ்டாண்டின் பிடியைப் பற்றினாள். ஆனால் செருகவில்லை. நிமிர்ந்து, கணவரை நேருக்கு நேர் பார்த்து, வாயைத் திறந்தாள்.

7

அவள் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. எழுதிப் பார்த்தேன். ஒருமுறை எழுதியதில் அவள் பெருந்தன்மையோடு பேசினாள். அது அண்ணன் எழுதியது என்று தெரிந்துவிட்டது. மறுமுறை எழுதியதில் அவரை உரித்து எடுத்துவிட்டாள்; அதுவும் அண்ணன் எழுதியதுதான். இத்தனை காலம் சேர்த்துவைத்த முதற்சொல்லை அவளிடமிருந்து நான் பறித்தல் முறையன்று.

ஆதலின், வாசகரே, கீழே இடம் விட்டிருக்கிறேன்.

“..........................................................”

அவள் கேட்கலாம், ஏசலாம், சிரிக்கலாம். ‘நானும் வர்றேன்’ எனவும் கூறலாம். ஆனால் அவ்வண்டியில் பின்னிருக்கை இல்லை என்பதைக் கருத்திற்கொள்க. எதுவாயினும் சற்று விரைந்து எழுதுங்கள். அவருடைய இடக்கால் நடுங்கத் தொடங்கிவிட்டது.