அழுத்தம் போதுமானது

“குடம் தூக்குவீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டிருந்தார்.

“தூக்காம எப்படிங்க?”

“கர்ப்பப்பை இறங்கியிருக்கு. இனிமே கனம் தூக்கவே கூடாது. வீட்டுக்காரர் என்ன வேலை பாக்குறார்?”

“ஊருக்குத் தண்ணி திறந்து விடுறார்.”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவளும் மரியாதைக்காகச் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

நகராட்சிக் கூடத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து, புதுக் குடிநீர்த் திட்டத்தின் வரைபடத்தைச் சுவரில் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. டாக்டர் சொன்னதை அன்றைக்கே கணவரிடம் சொல்லியிருந்தாள். “புதுக் குழாய் வாசலுக்கே வந்துடும். அதுவரைக்கும் பாத்துக்க” என்றார். அவளும் சரி என்று குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கடைசித் தெருக் குழாயில் நூல்போல ஒழுகும். பெண்கள் மேடேறி, தொட்டியடிக் குழாய்க்குப் போய்த்தான் சுமந்து வந்தார்கள்.

“சிவப்புக் கோடு போட்ட தெருவுக்கெல்லாம் புதுக் குழாய்” என்றார் இன்ஜினியரம்மா.

பக்கத்து வீட்டுத் தையல்காரி இவள் தோளை இடித்தாள். “கண்ணாடிய மறந்துட்டேன்க்கா. நம்ம தெரு எங்க இருக்கு?”

“அந்த ஓரத்துல.”

“சிவப்பா இருக்கா?”

“இல்ல.”

“நல்லாப் பாருங்கக்கா.”

“பாத்துட்டேன்.”

தையல்காரி எழுந்து நின்று கேட்டேவிட்டாள். இன்ஜினியரம்மா காகிதங்களைப் புரட்டினார். “அங்க அழுத்தம் போதுமானதா இருக்கு. நானே வந்து அளந்தேன். குறை இருக்கிற தெருவுக்குத்தான் பேங்க்ல கடன் குடுக்கிறாங்க.”

இவள் மடியைப் பார்த்துக்கொண்டாள். அளக்க வருவதற்கு முதல் நாள் நகராட்சித் தலைவர் கணவரைக் கூப்பிட்டனுப்பியிருந்தார். “பெரிய ஆளுங்க வர்றாங்க. கடைசித் தெருவுலயும் தண்ணி பீச்சணும். ஊர் மானம் உன் கையில.” மற்ற தெரு வால்வுகளையெல்லாம் அடைத்துவிட்டு அவர் இந்தத் தெருவுக்கு மட்டும் திறந்தார். குழாய் சீறியது. போர்வை, பாய் என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து வந்து துவைத்தார்கள். தையல்காரி உடுத்திய துணியோடு குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள். இன்ஜினியரம்மா கருவியைக் குழாயில் மாட்டிக்கொண்டே, “எப்பவும் இப்படித்தான் வருமா?” என்று கேட்டபோது, கணவரை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இவள்தான் முந்திக்கொண்டு, “எப்பவும் இப்படித்தாங்க” என்றாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “கடனை அடைக்கணும் இல்லையா? அதனால தண்ணி வரி எல்லா வீட்டுக்கும் ஒண்ணுபோலத்தான்.”

முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள்.

“நம்ம தண்ணி மந்திரி வாயில கொழுக்கட்டையா?” என்றாள் தையல்காரி, வாசலைப் பார்த்து. கணவர் வால்வு திருகும் நீளக் கம்பியை ஊன்றிக்கொண்டு அங்கே நின்றிருந்தார். புதுத் திட்டத்தில் வேலையை நிரந்தரமாக்குவதாகத் தலைவர் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குடத்தின் அடியில் மிச்சமிருந்ததைச் சாய்த்து முகம் கழுவினார். குடம் காலியாயிற்று.

“சாயங்காலம் நம்ம பக்கம் கொஞ்ச நேரம் அதிகமா விடுறேன்” என்றார்.

“விட்டாலும் நூலாத்தானே வரும்.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே மறுபடியும் துடைத்தார்.

வெளியே பெண்கள் குடங்களோடு மேட்டுப் பக்கம் போக ஆரம்பித்திருந்தார்கள். அந்தத் தெருவில் எந்த ஆணும் குடம் சுமந்ததில்லை. ஒருவன் சுமந்தால் மாதக்கணக்கில் சொல்லிச் சிரிப்பார்கள். அதற்குப் பயந்துதான் இத்தனை வருடமாக அவள் அந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். போகிறவர்கள் பார்க்க, அதைக் கணவரின் பக்கம் நீட்டினாள்.

“ஏங்க, இனிமே நீங்க தூக்கிட்டு வாங்க.”