ஒன்றுக்குப் பதில் மூன்று

வேலணை அம்பலவாணர் வீட்டில் ஒரு வெடி கேட்டால் கலியாணம், மூன்று வெடி கேட்டால் மரணம். அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து இதுதான் ஒழுங்கு. கலியாணப் பந்தலில் கன்னிக்கால் நட்டதும் குடும்பத்துக்கு மூத்தவர் துவக்கை எடுத்து வானத்தைப் பார்த்து ஒன்று விடுவார். வேறெவரும் விசையில் கைவைப்பதில்லை.

மகள் சறோஜினிதேவிக்கு அன்று மாலை முகூர்த்தம். உலக யுத்தம் தொடங்கியபின் பழைய துவக்குக்குத் தோட்டா யாழ்ப்பாணக் கடைகளிலும் இல்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்துவரப் பெண்ணுக்கு உடன்பிறந்தவன் இல்லை. தம்பி குலசிங்கத்தின் மகன் தியாகலிங்கம்தான் தோழனாக நிற்கவேண்டும். குலசிங்கமோ, தகப்பன் துவக்கை மூத்தவனுக்குக் கொடுத்துவிட்டுக் கண்மூடிய நாளிலிருந்து அயலூரான சரவணையில் முறுக்கிக்கொண்டு இருந்தார்.

“ஒருக்காப் போய்க் கூப்பிடுங்கோவன்,” என்றாள் மனைவி யோகம்மா. “ஊரான் பிள்ளையே எங்கட மருமோன்ர காலைக் கழுவுறது?”

“நான் மூத்தவன். அவன்தான் வரவேணும்.”

“நீங்கள் செத்தால்தான் உந்தப் படலைவாசலை மிதிப்பாராம்.”

“அப்ப செத்தாப்பிறகு வரட்டும்.”

அந்த நேரம் பார்த்துச் சந்தியோகு வந்தான். ஊர்காவற்றுறையில் தங்கியிருந்த வெள்ளைக்கார எஞ்சினியரின் வேட்டைத் துணை அவன். துரையின் துவக்கை இரவலாகக் கொண்டுவந்திருந்தான். தோட்டாக்கள் ஒவ்வொன்றும் பெருவிரல் தடிப்பு, பித்தளை பளபளத்தது. பந்தலில் நின்றவர்கள் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள்.

“இது புதுமாதிரி, ஐயா. ஒண்டு போனால் அடுத்தது தானா ஏறும்.”

“எனக்கு ஒண்டே காணும்.”

“கடற்காத்துப் பட்ட தோட்டா. ஒண்டு நமுத்திருந்தால் மரியாதை போயிடும். மூண்டு போட்டிருக்கிறன்.”

மரியாதை என்ற சொல் காதில் விழுந்ததும் அம்பலவாணர் துவக்கைக் கையில் வாங்கிக்கொண்டார்.

கன்னிக்கால் நட்டார்கள். அவர் சால்வையை இடுப்பில் இறுக்கி, நிமிர்ந்து நின்று, துவக்கைக் கடற்பக்கமாக உயர்த்தினார். பழைய துவக்கு முதல் இழுப்பில் ஒருநாளும் வெடித்ததில்லை. அடுத்தடுத்து இழுத்தே பழகிய விரல் அவருடையது. அன்றும் அப்படியே இழுத்தது.

டமார். டமார். டமார்.

பனைகளிலிருந்த காகமெல்லாம் கிளம்பிப் பறந்தன. மேளக்காரர் வாசிப்பை நிறுத்தினார்.

“ஐயோ, மூண்டு!” என்று யோகம்மா தன் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டாள்.

“சந்தியோகு, இன்னுமொண்டு போடும். நாலாகட்டும்.”

“முடிஞ்சுது ஐயா.”

ஒழுங்கை வழியே ஆட்கள் ஓடிவரத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் சரவணைப் பக்கமிருந்து சைக்கிள் ஒன்று பறந்து வந்து படலையில் மோதி விழுந்தது. மேலில் சால்வைகூட இல்லாமல் குலசிங்கம் உள்ளே ஓடிவந்தார்.

“அண்ணை! ஒரு இரும்புக்காக உங்களோட கதையாமல் இருந்திட்டனே, அண்ணை!”

பின்னால் மாட்டுவண்டிலில் அவருடைய மனைவி அன்னமுத்து, “எங்களை விட்டிட்டுப் போட்டியளே, அத்தான்!” என்று மார்பில் அடித்தபடி இறங்கினாள். பந்தலின் கீழ் அத்தான் துவக்கும் கையுமாக நிற்பதைக் கண்டதும், உயர்ந்த கை அப்படியே நின்றது.

“அழுது முடியுங்கோ. இவ்வளவு பாசம் இருந்தது எனக்குத் தெரியாது,” என்றார் அம்பலவாணர். இடுப்புச் சால்வையை அவிழ்த்துத் தம்பியிடம் நீட்டினார்.

குலசிங்கம் கண்ணைத் துடைத்தார். கீழே கிடந்த வெறுந்தோட்டாக்களைப் பார்த்தார்.

“அப்பு உங்களிட்டத் துவக்கைக் குடுத்தது பிழை. ஒண்டுக்கும் மூண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளிட்ட!”

பந்தலே குலுங்கிச் சிரித்தது. மீசைக்குள்ளே அடக்கப் பார்த்த அம்பலவாணருக்கும் ஏலவில்லை.

“அடுத்த வெடி உன்ர மோன்ர கலியாணத்துக்கு. அதை நீ சுடு. இப்ப அவனைக் குளிச்சு வேட்டி கட்டச் சொல்லு. மாப்பிள்ளை வாற நேரமாகுது.”

“அவன் வண்டிலுக்குள்ளதான் இருக்கிறான். கொள்ளிக்குடம் தூக்கவெண்டு வந்தவன்.”

“காலைக் கழுவுற செம்பைத் தூக்கட்டும்.”

மாப்பிள்ளை வரும்வரை துக்கத்துக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அம்பலவாணர் படலையடியில் நிமிர்ந்து நின்று, செத்தது யார் என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் சந்தனம் நீட்டினார்.

“நான்தான். உள்ளுக்கு வாருங்கோ, சாப்பிட்டுத்தான் போகவேணும்.”